அத்தியாயம் 3: பழைய மைப் பேனா – வாங்கும் முன், மை ஊற்றும் முன்

பழைய பேனா சேகரிக்க ஆசைப்படுகிறவர்களில் பலர் வாங்குவதிலிருந்தே தொடங்குகிறார்கள். பளபளப்பாக ஒன்று கண்ணில் படுகிறது, வாங்குகிறார்கள், வீட்டுக்கு வந்த அன்றே மை ஊற்றுகிறார்கள். மறுநாள் சட்டைப் பை நீலமாகிறது, அல்லது லீவர் ஒடிந்து கையோடு வந்துவிடுகிறது. எழுபது ஆண்டுகள் பிழைத்து வந்த ஒரு பொருள் ஒரே மாலையில் பாழாவதைப் பார்க்க மனம் பொறுப்பதில்லை. அதனால் இந்த அத்தியாயத்தில் மை பின்னால்தான் வருகிறது. முதலில் பேனாவைப் பார்க்கப் பழகுவோம். பிறகு சோதித்து வாங்குவோம், கழுவுவோம், பழுது இருந்தால் கவனிப்போம்.

எல்லாப் பகுதிகளுக்கும் பொதுவான விதி ஒன்று உண்டு: திரும்பச் சரிசெய்ய முடியாத எதையும் பேனாவுக்குச் செய்யாதீர்கள். தண்ணீரில் கழுவியது காய்ந்துவிடும். அரக்கால் ஒட்டியதை லேசான சூட்டில் கழற்றலாம். ஃபெவிகுவிக் போட்டு ஒட்டியதைக் கழற்ற முடியாது. தேய்த்து எடுத்த நிப்பு முனை திரும்ப வராது. எந்த வேலையிலும் சந்தேகம் வந்தால் இந்த விதியை வைத்துப் பாருங்கள்.

எதிலிருந்து தொடங்குவது

கையில் கிடைத்ததையெல்லாம் வாங்காமல், முதல் ஆண்டில் ஐந்து பேனாக்கள் என்று எல்லை வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தும் எழுதுகிற பேனாக்களாக இருக்கட்டும். என் பரிந்துரை இவை.

பார்க்கர் 51. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து ஜேன்ஸ்வில் ஊரில் இருந்த பார்க்கர் கம்பெனி 1941-இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1972 வரை செய்தார்கள். நிப்பு ஒரு கூட்டுக்குள் மறைந்திருக்கும், முனை மட்டும் வெளியே எட்டிப் பார்க்கும். உடல் லூசைட் என்ற அக்ரிலிக். காலத்தால் சுருங்காத, நிறம் மாறாத பொருள் என்பதால் பழைய பேனாக்களிலேயே தொல்லை குறைந்தது இதுதான்.

இதில் இரண்டு வகை உண்டு. 1948 வரை வந்தவற்றில் வேக்குமேட்டிக் முறை: பின்முனையில் ஒரு சிறு மூடி தனியாகத் திருகிக் கழலும், உள்ளே அழுத்தும் தண்டு இருக்கும். 1948-இல் ஏரோமெட்ரிக் வந்தது: பின்முனை ஒரே துண்டு, உடலைத் திருகிக் கழற்றினால் உலோக உறை போட்ட பை தெரியும். நீங்கள் வாங்க வேண்டியது இந்த இரண்டாவது வகை. அதன் பை இயற்கை ரப்பர் இல்லை, ஒருவகைப் பிளாஸ்டிக். அறுபது, எழுபது ஆண்டுகள் கழித்தும் மை இழுக்கிற பைகள் நிறையக் கிடைக்கின்றன. முதல் வகையிலோ உள்ளே மை இழுக்க உதவும் ரப்பர் திரை பெரும்பாலும் இற்றுப்போயிருக்கும். அதை மாற்றத் தனிக் கருவி வேண்டும்.

எஸ்டர்புரூக் ஜே. அமெரிக்கப் பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் சாதாரண மனிதர்கள் எழுதிய பேனா. தங்க நிப்பு கிடையாது, எஃகு. ஆனால் நிப்பு தனி அலகாகத் திருகிக் கழலும். வேறொன்றை வாங்கி மாட்டலாம். ஒவ்வொரு நிப்பிலும் நான்கு இலக்க எண் இருக்கும். 9-இல் தொடங்கும் எண்கள் கடின உலோக முனை வைத்தவை. 9556 மெல்லிய எழுத்துக்கு, 9668 நடுத்தர எழுத்துக்கு. இது லீவர் பேனா: உடலின் பக்கத்தில் உள்ள லீவரைத் தூக்கினால் உள்ளே ரப்பர் பை அமுங்கும், விட்டால் விரிந்து மை இழுக்கும். அந்தப் பை மாற்றப் பழகுவதற்கு இதைவிட நல்ல பேனா இல்லை.

பெலிக்கன் 400. ஜெர்மனியில் 1950-இல் வந்தது. பின்குமிழைத் திருகினால் உள்ளே பிஸ்டன் ஏறி இறங்கி மை இழுக்கும். உடலில் கோடுகள் ஓடும். அந்தக் கோடுகளின் இடைவெளியில் மை எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கலாம். விலை கூடுதல். மூன்றாவது அல்லது நான்காவது பேனாவாக வாங்குங்கள்.

நம் எபனைட் பேனா. நம் ஊர்க் கடைசல் பட்டறைகளில் கடைந்தெடுத்த, ஃபில்லரால் மை விடுகிற தடித்த பேனாக்கள். ராஜமுந்திரியின் ரத்னம் பேனாவுக்காக காந்தி 1935-இல் நன்றிக் கடிதம் எழுதினார். சென்னைப் பாரிமுனையின் ஜெம் அண்ட் கோ, திருவள்ளூரின் ரங்கா ஆகியவை நம் பக்கத்தில் எபனைட் பேனாவோடு சேர்ந்து நினைவுக்கு வரும் பெயர்கள். இவற்றில் பை, திரை, பிஸ்டன் எதுவும் இல்லை, உடலே மைக்கூடு. கெட்டுப்போக அதிகம் ஒன்றுமில்லாத பேனா. வெளிநாட்டு மாடல்களுக்குப் பின்னால் ஓடுகிறவர்கள் இதை ஒதுக்குவது எனக்கு வருத்தம்.

ஐந்தாவது இடத்தில் ஒரு ஹீரோ 616. பார்க்கர் 51-இன் சாயலில் ஷாங்காயில் செய்யப்பட்டது. மலிவானது. கழற்றவும் கழுவவும் பழக இதைப் பயன்படுத்துங்கள்.

இப்போதைக்குத் தவிர்க்க வேண்டியவை: 1952-இல் வந்த ஷேஃபர் ஸ்நார்க்கல் போன்ற பல உறுப்புப் பேனாக்கள். நிப்புக்கு அடியிலிருந்து ஒரு குழாய் வெளியே வந்து மை உறிஞ்சும். பார்க்க அதிசயமாக இருக்கும். உள்ளே ரப்பர் உறுப்புகள் பல இருப்பதால் பழுது பார்ப்பது தொடக்கக்காரர் வேலை இல்லை.

எங்கே தேடுவது

முதலில் வீட்டில். தாத்தாவின் மேசை டிராயர், தகரப் பெட்டி, பழைய டிரங்குப் பெட்டி, பத்திரங்கள் வைத்த பை. அடுத்து உறவினர் வீடுகள், ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், வக்கீல் குமாஸ்தாக்கள், பத்திரம் எழுதுகிறவர்கள். பிறகு பழைய பேனாக்கடைகள்: விற்காமல் தேங்கிய சரக்கு பின்கட்டில் கிடப்பதுண்டு. காயலான் கடையும் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையும் அதற்கப்புறம். இணைய ஏலம் கடைசியாக வரட்டும். கையால் தொட்டுப் பார்க்காமல் வாங்குவதற்குக் கண் பழகியிருக்க வேண்டும்.

இணையத்தில் வாங்கினால் விற்பவர் சொல்கிற விலையை நம்பாதீர்கள். அதே மாடல் உண்மையில் என்ன விலைக்கு விற்று முடிந்தது என்று தேடுங்கள். நிப்பின் முனையை நேராகவும் பக்கவாட்டிலும் மேலிருந்தும் எடுத்த படங்கள் கேளுங்கள். தர மறுத்தால் விட்டுவிடுங்கள். அனுப்பும்போது பேனாவைத் துணியில் சுற்றி, பிவிசி தண்ணீர்க் குழாய்த் துண்டுக்குள் வைத்து, இரண்டு பக்கமும் அடைத்து அனுப்பச் சொல்லுங்கள். அட்டைப்பெட்டி மட்டும் போதாது.

தந்தப் பிடி வைத்த பழைய தொட்டெழுதும் பேனாக்கள் சில நேரம் விற்பனைக்கு வரும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இந்தியாவில் தந்த வணிகம் குற்றம். தொடாதீர்கள்.

வாங்கும் முன் சோதனை

கையில் வேண்டியவை: பத்து மடங்கு பெரிதாக்கும் நகைக்கடை லென்ஸ், சிறு டார்ச், மெல்லிய வெள்ளைத் துணி, ஒரு துண்டு நல்ல காகிதம், சிறு சீசாவில் தண்ணீர். வரிசை மாறாமல் செய்யுங்கள்.

1. மூடியைக் கழற்றும் முன் அது திருகு மூடியா, இழுக்கும் மூடியா என்று கேளுங்கள். திருகு மூடியை இழுத்தால் மரை போய்விடும். மூடி விளிம்பும் விரியும்.

2. மூடி விளிம்பை டார்ச் வெளிச்சத்தில் சுற்றிப் பாருங்கள். மயிரிழை விரிசல் முதலில் அங்கேதான் விழும். வளையம் போட்ட மூடியில் வளையத்துக்கு அடியில் ஒளிந்திருக்கும். விரிசலுள்ள பேனாவை, வேறெங்கும் கிடைக்காத அரிய மாடல் என்றால் ஒழிய, வாங்காதீர்கள்.

3. உடலிலும் பின்முனையிலும் பல் தடம் உண்டா என்று விரலால் தடவுங்கள். நிப்பைத் தாங்கும் கழுத்து இறுகிப்போனால் பல்லால் கடித்துத் திருகுகிற பழக்கம் நம் ஊரில் பரவலாக இருந்தது. எபனைட் பேனாக்களில் அந்தத் தடம் அடிக்கடி தென்படும். எழுதுவதற்குத் தடையில்லை, விலையைக் குறைத்துக் கேட்கலாம்.

4. உடலில் பொறித்த எழுத்துகளைப் படியுங்கள். மங்கியிருந்தால் யாரோ பாலிஷ் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். பழைய பார்க்கர்களில் பொறிப்புக்கு அருகில் ஒரு சிறு எண் இருக்கும். அது செய்த ஆண்டின் கடைசி இலக்கம்.

5. மூடி, உடல், கழுத்து, நிப்பு நான்கும் ஒரே பேனாவைச் சேர்ந்தவையா என்று பாருங்கள். கறுப்புக்குள்ளும் சாயல் வேறுபாடு உண்டு. மூன்று பேனாக்களின் உறுப்புகளைச் சேர்த்து ஒன்றாக விற்பது எல்லா நாட்டுச் சந்தையிலும் நடக்கிறது. பார்க்கர் உடலில் ‘இரிடியம் பாயின்ட் ஜெர்மனி’ என்ற நிப்பைக் கண்டால் அது பின்னால் மாட்டிய எஃகு நிப்பு என்று முடிவு செய்யுங்கள்.

6. நிப்பை லென்ஸில் பாருங்கள். பிளவின் இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். முனையில் சிறு மணி போல ஒரு கடின உலோகத் துளி இரண்டு பாதியிலும் சமமாக இருக்க வேண்டும். ஒரு பாதியில் இல்லையென்றால் எழுதும்போது கீறும்; புதிதாக முனை வைக்கச் செலவு பேனாவின் விலையைத் தாண்டிவிடும். பிளவு முடிகிற துளையிலிருந்து விரிசல் ஓடுகிறதா என்றும் பாருங்கள்.

7. தங்கம் என்று சொன்னால் முத்திரை காட்டச் சொல்லுங்கள். 14 கே அல்லது 585 என்றால் பதினான்கு காரட். 18 கே அல்லது 750 என்றால் பதினெட்டு. மூடியில் உள்ள ஜி.எஃப். முத்திரை தங்கத் தகடு ஒட்டிய உலோகத்தைக் குறிக்கும், முழுத் தங்கத்தை இல்லை. காந்தச் சோதனையை நம்ப வேண்டாம். காந்தம் ஒட்டாத எஃகும் உண்டு.

8. லீவர் பேனாவாக இருந்தால் லீவரைத் தூக்காதீர்கள். பேனாவைக் காதருகே மெதுவாக அசையுங்கள். உள்ளே கரகரவென்று சத்தம் வந்தால் பழைய ரப்பர் பை அப்பளமாக நொறுங்கிக் கிடக்கிறது. பை மாற்றலாம், பயமில்லை. ஆனால் இறுகிப்போன பையின் மேல் லீவரை வலுக்கட்டாயமாகத் தூக்கினால் லீவர் ஒடியும், அல்லது உடல் பிளக்கும். பழைய பேனாக்கள் சாகும் வழிகளில் முதலிடம் இதற்குத்தான்.

9. கடைசியாக, விற்பவரின் அனுமதியோடு நிப்பைத் தண்ணீரில் தொட்டுக் காகிதத்தில் எழுதிப் பாருங்கள். காய்ந்த மை கரைந்து வெளிறிய கோடு விழும். நிப்பு எல்லாத் திசையிலும் போகும்படி ஒரு வட்டம் போடுங்கள். ஒரு பக்கம் மட்டும் கீறினால் பிளவின் பாதிகள் ஏறி இறங்கியிருக்கின்றன.

உடல் எந்தப் பொருள்?

கழுவும் முன் இதைத் தெரிந்துகொண்டே ஆக வேண்டும். ஒரு பொருளுக்கு மருந்தாவது இன்னொன்றுக்கு விஷம்.

எபனைட் என்பது கந்தகம் கூட்டிப் பதப்படுத்திய கெட்டி ரப்பர். கட்டை விரலால் வேகமாகத் தேய்த்து முகர்ந்தால் ரப்பர், கந்தக வாசனை வரும். வெயில் பட்டால் கறுப்பு மங்கி ஆலிவ் பச்சையாக, பிறகு பழுப்பாக மாறும். மங்கத் தொடங்கிய எபனைட்டைத் தண்ணீரில் ஊறவைத்தால் மீதமிருக்கிற கறுப்பும் போய்விடும். வெந்நீர் இன்னும் மோசம். நிப்புள்ள கழுத்துப் பகுதியை மட்டும் நனையுங்கள், உடலை ஈரத்துணியால் துடைத்து உடனே உலர்த்துங்கள். ஷூ பாலிஷ், மார்க்கர் மை போட்டுக் கறுப்பாக்குகிறவர்கள் உண்டு. அந்தக் கறுப்பு கையில் ஒட்டும், வாங்குகிறவரை ஏமாற்றும்.

செல்லுலாய்டு 1920-களிலிருந்து 40-கள் வரையிலான வண்ணப் பேனாக்களில் அதிகம். முத்துச் சிப்பி போலவும் பளிங்கு போலவும் மின்னுபவை பெரும்பாலும் இதுதான். தேய்த்து முகர்ந்தால் கற்பூர வாசனை வரும், ஏனென்றால் செய்யும்போது கற்பூரம் சேர்க்கிறார்கள். அழகான பொருள், ஆபத்தான பொருள்: சட்டென்று தீப்பற்றும், பற்றினால் அணைப்பது கடினம். மெழுகுவர்த்தி, லைட்டர், கேஸ் அடுப்பு எதன் அருகிலும் கொண்டு போகக் கூடாது. சூடான ஊசியால் குத்திப் பொருளைக் கண்டுபிடிக்கலாம் என்று சொல்லிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். செய்யவே செய்யாதீர்கள்.

கேசீன் பாலின் புரதத்திலிருந்து செய்த பிளாஸ்டிக். சில பழைய பிரிட்டிஷ் பேனாக்களில் வரும். தண்ணீரில் ஊறினால் உப்பிக் கோணிவிடும். அடையாளம் காண்பது கடினம் என்பதால், தெரியாத பிரிட்டிஷ் பேனா எதையும் முழுதாகத் தண்ணீரில் போடாதீர்கள்.

அக்ரிலிக் தண்ணீருக்கு அஞ்சாது. ஆனால் ஸ்பிரிட் பட்டால் மேலே நுண்ணிய வெடிப்புகள் விழும்.

பாதுகாப்பு: ஸ்பிரிட், தின்னர், நகப்பூச்சு நீக்கும் திரவம், டெட்டால், பெட்ரோல் இவற்றில் எதையும் எந்தப் பழைய பேனாவிலும் விடாதீர்கள். செல்லுலாய்டு கரையும், அக்ரிலிக் வெடிக்கும். பழைய நூல்கள் சில அமோனியாக் கரைசலைப் பரிந்துரைக்கும். முதல் ஆண்டில் அது உங்களுக்குத் தேவையில்லை. என்றாவது பயன்படுத்தினால் ஜன்னலைத் திறந்து வையுங்கள், ப்ளீச்சிங் பவுடரோ ப்ளீச் திரவமோ அருகில் இருக்கவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் நச்சு வாயு வரும்.

கழுவும் வரிசை

இரண்டு கிண்ணம், சாதாரணத் தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு, காகிதத் துண்டு, ஊசி இல்லாத சிரிஞ்சு. வாஷ் பேசினில் செய்வதானால் அடைப்பான் போட்டு, ஒரு துணியையும் விரித்துவிடுங்கள். குழாயடியில் கழுவும்போது நிப்பு நழுவிச் சாக்கடையில் போவது சேகரிப்பாளர்கள் எல்லோரும் சொல்கிற கதை.

1. நிப்பு முனை முதல் கழுத்து முடிகிற இடம் வரை மட்டும் தண்ணீரில் நிற்கும்படி பேனாவைக் கிண்ணத்தில் சாய்த்து வையுங்கள். உலோக வளையம் நனைய வேண்டாம்.

2. அரை மணி கழித்துத் தண்ணீரை மாற்றுங்கள். நீலம் கிளம்பிக்கொண்டே இருக்கும். பார்க்கர் 51-இல் கூட்டுக்குள் மை தேக்கி வைக்கும் பகுதி பெரிது; ஓர் இரவு முழுக்கக்கூட நீலம் வரும். அவசரப்படாதீர்கள்.

3. ஏரோமெட்ரிக் பை, பிஸ்டன் எதுவானாலும் இப்போதுதான் இயக்கிப் பாருங்கள். பெலிக்கனின் குமிழ் இறுக்கமாக இருந்தால் திருகாதீர்கள். கழுத்துப் பக்கமாகச் சிறிது தண்ணீர் உள்ளே போகவிட்டு, ஓர் இரவு வைத்துவிட்டு மறுநாள் மெதுவாக முயலுங்கள்.

4. சோப்புச் சொட்டு கலந்த தண்ணீரைப் பலமுறை இழுத்து வெளியே தள்ளுங்கள். ஃபில்லர் பேனாவானால் கழுத்தைக் கழற்றி, பின்பக்கத்திலிருந்து சிரிஞ்சால் தண்ணீரைச் செலுத்துங்கள்.

5. சோப்பு போகும்வரை வெறும் தண்ணீர். சோப்பு மிச்சமிருந்தால் பிறகு மை ஓட்டம் கெட்டு, பேனா கக்கும்.

6. நிப்பைக் காகிதத் துண்டில் குத்திட்டு நிறுத்தி, கவிழாத ஒரு கோப்பையில் வைத்து ஒரு நாள் உலரவிடுங்கள். வெயிலில் காயவைக்காதீர்கள்.

குறிப்பு: கழுவுவதற்காக நிப்பையும், அதன் அடியில் மை கொண்டுவரும் கறுப்புக் கட்டையையும் பிடுங்க வேண்டியதில்லை. பத்தில் ஒன்பது பேனாக்கள் ஊறலிலேயே சுத்தமாகும். குறடு வைத்து இழுத்தால் நிப்பு வளையும், கட்டையின் பல் ஒடியும். பார்க்கர் 51-இன் கூட்டைத் திறக்க முயலவே வேண்டாம்.

லீவர் பேனாவில் ரப்பர் பை மாற்றுவது

எஸ்டர்புரூக் ஜே-யில் முதலில் செய்து பழகுங்கள். அதற்கு 16-ஆம் எண் பை வேண்டும். இந்த எண் அங்குலத்தை 64 பங்காக்கிய கணக்கு. 16 என்றால் கால் அங்குல விட்டம். மற்றப் பேனாக்களுக்கு, பை மாட்டுகிற குழாயின் விட்டத்தை அளந்து அதே கணக்கில் எண்ணைத் தேர்ந்தெடுங்கள்.

1. முடி உலர்த்தும் கருவியைக் குறைந்த சூட்டில் வைத்து, உடலும் கழுத்தும் சேரும் இடத்தைப் பேனாவைச் சுழற்றிக்கொண்டே காட்டுங்கள். விரல் தாங்காத சூடு வந்தால் நிறுத்துங்கள். செல்லுலாய்டு வளைந்துவிடும். தீ கூடவே கூடாது.

2. கையில் ரப்பர் துண்டு வைத்துப் பிடித்து, லேசாக இடவலமாக ஆட்டிக்கொண்டே இழுங்கள். வரவில்லையென்றால் மறுபடி சூடு காட்டுங்கள். ஐந்து முறை தேவைப்பட்டால் ஐந்து முறை. சில பேனாக்களில் கழுத்து மரை வைத்துத் திருகியிருக்கும். இழுக்கும் முன் உங்கள் மாடல் எது என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

3. நொறுங்கிய பழைய ரப்பரை உதிருங்கள். காகிதத்தின் மேல் வைத்துத் தட்டினால் தூளாக வரும். குழாயில் ஒட்டியிருப்பதை மழுங்கிய கத்தியால் சுரண்டுங்கள். உடலுக்குள் பையை அமுக்கும் இரும்புப் பட்டை துருவேறி ஒடிந்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும்.

4. புதிய பையை உடலோடு வைத்து அளந்து, உடலின் உள் அடியைத் தொடாத நீளத்துக்கு வெட்டுங்கள். நீளம் கூடினால் கழுத்தைச் செருகும்போது பை முறுக்கிக்கொள்ளும்.

5. குழாயில் அரக்குக் கரைசலை மெல்லியதாகப் பூசி, பையை நேராக ஏற்றுங்கள். அரக்கை ஸ்பிரிட்டில்தான் கரைத்திருப்பார்கள். விளக்கு, அடுப்பு அருகில் வேண்டாம். உடலில் ஒரு சொட்டும் சிந்தக் கூடாது.

6. ஓர் இரவு காயட்டும். மறுநாள் பையின் மேல் வாசனை சேராத டால்க் தூவுங்கள். முகப்பவுடர் வேண்டாம், அதில் கலந்திருக்கிற எண்ணெயும் வாசனைப் பொருளும் ரப்பரை அரிக்கும்.

7. கழுத்தைச் செருகி, லீவரைப் பாதி மட்டும் தூக்கி விடுங்கள். பை அமுங்கி விரிவது கையில் தெரியும். பிறகு முழுதாகத் தூக்குங்கள். தண்ணீரை இழுத்து, நிப்பு கீழ்நோக்கி இருக்கும்படி ஒரு மணி நேரம் தொங்கவிட்டுக் கசிவு பாருங்கள்.

முதல் மை

பழைய பேனாவுக்குச் சாதாரண நீலம் போதும். பிரில், கேமல், சுலேகா, பார்க்கரின் குவிங்க் போன்ற மைப் பேனா மைகளின் ராயல் ப்ளூ அல்லது கழுவினால் போகும் நீலம் எல்லாவற்றிலும் சாது. சிவப்பும் ஊதாவும் ஒளி ஊடுருவும் உடல்களில் நிரந்தரக் கறை விடும், பெலிக்கனில் தவிருங்கள். இந்தியன் இங்க் என்று விற்கும் படம் வரையும் மை, அழகெழுத்து மை, ஸ்டாம்ப் பேட் மை எதுவும் உள்ளே போகக் கூடாது. படம் வரையும் மையில் உள்ள அரக்கும் நிறமித் துகளும் காய்ந்தால் கல்லாகிவிடும்.

ஃபில்லர் பேனாவுக்கு மட்டும் இன்னும் சில வார்த்தை. கழுத்தின் மரையில் சிலிகான் கிரீஸ் ஊசிமுனையளவு தடவுங்கள். தேங்காயெண்ணெயும் வேசலினும் அதற்கு ஈடாகாது. மை மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கும் முன் நிரப்பிவிடுங்கள்: உள்ளே காற்று கூடக்கூட, கைச்சூட்டில் அது விரிந்து மையை வெளியே தள்ளும். பேனா கக்குகிறது என்று நாம் திட்டுவது பெரும்பாலும் இதைத்தான். விமானத்தில் போனால் முழுக்க நிரப்பி அல்லது முழுக்கக் காலியாக்கி எடுத்துச் செல்லுங்கள்.

மை இறங்கவில்லை என்றால் உதறாதீர்கள். நிப்பைத் தண்ணீரில் ஒருமுறை தொட்டுவிட்டு, காகிதத்தில் மெதுவாகக் கோடு போடுங்கள். அதற்கும் வரவில்லையென்றால் கழுவியது போதவில்லை.

நிப்பில் கை வைக்காதீர்கள்

பட்டையாக எழுதுகிறது, கீறுகிறது என்று பள்ளி நாட்களில் நிப்பைச் சிமெண்ட் தரையிலும் கண்ணாடியிலும் தேய்த்திருப்போம். பிளவில் பிளேடு விட்டிருப்போம். பழைய தங்க நிப்பில் இது எதுவும் வேண்டாம். பிளவின் பாதிகள் ஏறி இறங்கியிருந்தால் மட்டும், லென்ஸில் பார்த்தபடி, உயர்ந்திருக்கும் பாதியைக் கட்டைவிரல் நகத்தால் மிக லேசாகக் கீழே அழுத்திவிட்டு, மறுபடி லென்ஸில் பாருங்கள். மூன்று முறைக்குள் சரியாகாவிட்டால் நிறுத்திவிட்டுத் தேர்ந்தவரிடம் கொடுங்கள். கொல்கத்தா எஸ்பிளனேட் பகுதியில் ‘பென் ஹாஸ்பிடல்’ என்றே ஒரு கடை இருக்கிறது. சென்னையின் பழைய பேனாக்கடைகளிலும் இந்த வேலை தெரிந்தவர்கள் உண்டு. கொடுக்கும் முன், தேய்க்க வேண்டாம், பாலிஷ் போட வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

எங்கே வைப்பது

எழுதிக்கொண்டிருக்கும் பேனா நிப்பு மேல்நோக்கி நிற்கட்டும். இரண்டு வாரத்துக்கு மேல் தொடப் போவதில்லை என்றால் மையை எடுத்துக் கழுவி, காலியாகப் படுக்க வையுங்கள். செல்லுலாய்டு பேனாக்களைக் காற்றுப் புகாத டப்பாவில் அடைக்காதீர்கள். பழைய ரப்பர் பை கக்கும் கந்தகம் அவற்றைப் பழுப்பாக்கும். ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுவதும் அதே கேட்டைச் செய்யும். அந்துருண்டை போட்ட பீரோ வேண்டாம், அதன் ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக்கிவிடும். கடலோர ஊர்களில் லீவரும் கிளிப்பும் சீக்கிரம் துருப்பிடிக்கும்; பருத்தித் துணி விரித்த மரப்பெட்டி, அதில் சிலிகா ஜெல் பொட்டலம் ஒன்று, மாதம் ஒருமுறை திறந்து காற்றாட விடுவது, இவை போதும்.

பதிவேடு

ஒரு கெட்டி அட்டை நோட்டு வாங்குங்கள். ஒரு பேனாவுக்கு ஒரு பக்கம். மாடல், பொறிப்பில் உள்ள எழுத்துகள், வாங்கிய நாள், இடம், விலை, வந்தபோது இருந்த நிலை, நீங்கள் செய்த வேலைகள், பக்கத்தின் அடியில் அதே பேனாவால் எழுதிய நான்கு வரி. வேறொருவர் கைக்குப் போகும் நாளில் இந்தப் பக்கத்தையும் கிழித்துக் கொடுக்கலாம்.

பெயர் பொறித்த பேனா கிடைத்தால், சந்தையில் விலை குறையும் என்று சொல்லித் தேய்த்து அழிக்கச் சொல்வார்கள். அழிக்காதீர்கள். பரிசாக வந்த பேனா, வேலையில் சேர்ந்த ஆண்டு, பணி ஓய்வில் சக ஊழியர்கள் கொடுத்தது என்று அந்தப் பெயரின் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார். வீட்டுப் பேனா என்றால் அது யாருடையது, அவர் அதில் என்ன எழுதினார், எந்தக் கடையில் வாங்கினார் என்று பெரியவர்களிடம் கேட்டு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பேனாவைப் பத்து ஆண்டு கழித்தும் பழுது பார்க்கலாம். பதில் சொல்லத் தெரிந்தவர்கள் அதுவரை இருப்பார்களா என்று சொல்ல முடியாது. அடுத்த முறை ஊருக்குப் போகும்போதே கேட்டுவிடுங்கள்.